மாசியில் செய்யச் சொன்னது

அருணாசலன் துணை

ஜமுனாமரத்தூர்
குரோதி ஆண்டு, ஆவணி

கடல் கடந்து வாழும் மருமகள் ரேணுகாதேவிக்கு மாமன் குணசீலன் விடுக்கும் மடல். நானும் உன் அத்தை பச்சையம்மாளும் உயிர் தரித்திருக்கிறோம். அதனை நலம் என்று எண்ணிக்கொள். உன் உடல்நிலையும், அந்நாட்டு உணவு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதும் அறிய விழைகிறோம்.

தொலைபேசியில் உன் குரல் கேட்ட மாத்திரத்தில் உன் அத்தை அழத் தொடங்குகிறாள். மறுமுனையில் நீயும் பேச்சற்றுப் போகிறாய். நடுவே நான் இரு பக்கத்து மௌனத்தையும் கேட்டபடி நிற்கிறேன். ஆகவே எழுத்தில் பேசுவோம். எழுத்து அழுவதில்லை, அழுதாலும் படிப்பவர் காணார்.

நீ புறப்பட்ட நாளை அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். "போறவ போய்ட்டு வர்றேன்னு ஒரு வார்த்த சொன்னாளா? எழவு வூட்டுலேர்ந்து கெளம்பறவ மாதிரி முந்தானைய இழுத்துச் சொருவிக்கினு பஸ்ஸு ஏறிட்டா" என்கிறாள். சாவு வீட்டிலிருந்து போகிறவர் மட்டுமே சொல்லிக்கொள்ளாமல் போவது நம் வழக்கு. நீ அதை அறியாதவள் அல்லள். அறிந்தே செய்தாய் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

மகன் போன பின் மூன்றாவது மாசி நெருங்கி வருகிறது. இராசேந்திரன் வேலூர் மருத்துவமனையில் கிடந்த அந்தக் கடைசிப் பகலில் நீ இளநீர் வாங்கக் கீழே போயிருந்தாய். நடந்ததை உனக்கு ஒருமுறைதான் சொன்னேன். அன்று நீ எதையும் கேட்கும் நிலையில் இல்லை. அவன் செவியில் நான் ஐந்தெழுத்தை ஓதினேன். அவன் கண் திறந்தான். மூச்சுக்கவசத்துக்குள்ளிருந்து, "இத்த… மாசி" என்றான். உன் அத்தையும் கேட்டாள். இத்தை மாசியில் செய் என்று ஏதோ பணித்தான். எத்தை என்று கேட்பதற்குள் அவன் பார்வை வாயிற்பக்கம் போய் அங்கேயே நிலைத்துவிட்டது. உயிர் கவர வருபவன் அங்கே நிற்கிறான் போலும் என்று அஞ்சி நான் பதிகத்தை உரக்கச் சொன்னேன்.

மகன் இட்ட கடைசி ஏவல் எது என்றே அறியாத தகப்பன் நான். ஒருவேளை உனக்கு ஏதேனும் தெரிந்திருந்தால் எழுது.

இன்னொன்று. அவன் கடைசி ஆண்டு முழுவதும் அந்தச் சப்பான் மொழியைத்தான் வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தான். நான் காது கொடுக்கவில்லை. இப்போது கேட்க ஆசை. அவன் புத்தகம் உன்னிடம் இருக்கிறது. மடல் தோறும் சில சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு.

எம்பெருமான் காப்பான் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதியிருக்கிறேன்.

குணசீலன்

*

நாகானோ, ஜப்பான்
14 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கும் அத்தைக்கும் ரேணுகாவின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே அரிசி இருக்கிறது, தயிரும் கிடைக்கிறது. நீங்கள் இரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா? அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

மாசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எவ்வளவோ யோசித்துவிட்டேன் மாமா. மாசியில் இதைச் செய்ய வேண்டும் என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த மொழி உங்களுக்கு எதற்கு? அவர் வயலில் வேலை செய்ய இங்கே வர ஆசைப்பட்டார், அதற்காகப் படித்தார். நான் இந்த முதியோர் இல்லத்துச் சம்பளத்துக்காகப் படித்தேன். அவ்வளவுதான். உங்களுக்கு இருக்கும் தமிழே ஏழு பிறவிக்குக் காணும்.

கேட்டதற்காக இரண்டு சொற்கள் மட்டும். தன் தகப்பனைப் பிறரிடம் சொல்லும்போது 'சிச்சி' என்பார்கள். தன் தாயை 'ஹாஹா' என்பார்கள். உண்மையாகத்தான். அத்தையிடம் சொல்லுங்கள், சிரிக்கட்டும்.

பணிவுடன்,
ரேணுகா

*

அருணாசலன் துணை

ஜமுனாமரத்தூர்
குரோதி, புரட்டாசி

மருமகள் ரேணுகாதேவிக்கு மாமன் எழுதுவது. இங்கு இருவரும் முன்போலவே. அத்தையின் முழங்கால் மழைக்கு முன்னறிவிப்புச் செய்கிறது. வானிலை நிலையத்தாரினும் பிழையின்றி. அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, கம்பளி உண்டா?

உன் இரு சொற்களையும் படித்துக் காட்டினேன். "அப்பன்னா சீச்சீதான், சரியாத்தான் வெச்சிக்கிறான்" என்று உன் அத்தை சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு ஆண்டுகளாக இவ்வீட்டில் கேளாத ஓசை. சிரித்து முடித்ததும், "எம் புள்ள என்னிய அப்படிச் சொல்லியிருப்பானா, ஹாஹான்னு?" என்று கேட்டாள். பிறகு உலை வைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

எதற்கு என்று வினவினாய். அம்மா, நான் ஆயுள் முழுதும் இம்மலைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் தமிழ் சொன்னவன். இறைவன் புகழைப் பாடிய நாவுக்கு இன்னொரு மொழி வேண்டுவதில்லைதான். ஆனால் என் மகன் இல்லை. அவன் நாவில் இருந்த மொழி இருக்கிறது. ஆள் போன பின்பு அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகர்ந்து பார்ப்பதில்லையா? அதுபோல.

நீ சம்பளத்துக்குக் கற்றதாகச் சொல்கிறாய். அவன் போன பின் ஓராண்டு, வேலூரில் விடுதியறையில் தங்கி, உண்ணாமல் மெலிந்து, நீ அதைக் கற்றாய். சம்பளத்துக்குக் கற்பவர் அப்படிக் கற்பதில்லை. சொல்ல விருப்பமில்லையேல் விட்டுவிடு. பொய் மட்டும் வேண்டாம். நம் இருவருக்கும் இடையே இனி எஞ்சியிருப்பது சொல் ஒன்றே.

வினை இறுதியில் நிற்குமாமே அம்மொழியில், நம் மொழி போலவே? இராசேந்திரன் ஒருமுறை சொன்னான். "நம்மள மாதிரியே கடைசி வரைக்கும் காத்துக்கினு இருந்தாத்தான் இன்னா சொல்றாங்கன்னு தெரியும்பா" என்றான். நான் செய்தித்தாளை விட்டுத் தலை நிமிரவில்லை.

நின் நலம் நாடும்,
குணசீலன்

*

நாகானோ
30 அக்டோபர் 2024

மாமா, அத்தை இருவருக்கும் வணக்கம். நலமாக இருக்கிறேன். கம்பளி இருக்கிறது. மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. நம் மலையின் மூடுபனிபோல் வந்து போவதில்லை, வந்தால் தங்கிவிடுகிறது.

பொய் வேண்டாம் என்றீர்கள். பாதி உண்மை சொல்கிறேன்.

அவர் போன பிறகு நம் ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்குப் போனால், "அந்தப் பொண்ண செத்த ஓரமா ஒக்கார சொல்லுங்க" என்றார்கள். நல்லதுக்குப் புறப்படுகிறவர்கள் என் முகம் பார்த்தால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். அத்தையும் நீங்களும் அப்படி இல்லை. ஆனால் தமிழ் முழுவதும் அப்படி ஆகிவிட்டது. இங்கே நான் ரேணுகா-சான், எல்லோர் பெயரோடும் சேர்க்கும் அதே மரியாதை ஒட்டோடு. அவ்வளவுதான். இந்த மொழியில் நான் யாருக்கும் அபசகுனம் இல்லை.

இங்கே ஹருகோ என்றொரு அம்மாள் இருக்கிறார். நினைவு தப்பியவர். தினமும் காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். எப்போதோ பார்த்த வேலைக்கு இப்போதும் போவதாக எண்ணம். புறப்படுகிறவர் சொல்லும் சொல்லைச் சொல்வார். இருப்பவர் அதற்கு ஒரு விடை சொல்ல வேண்டும். சொன்னால் நிம்மதியாகத் திரும்பி அறைக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார். அந்த விடை மட்டும் என் வாயில் வருவதில்லை மாமா. வேறு யாராவது ஓடிவந்து சொல்கிறார்கள். "இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள், குழந்தையும் சொல்லும் சொல் உங்களுக்கு வராதா?" என்று மேலாளர் கேட்டார்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

ரேணுகா

*

அருணாசலன் துணை

ஜமுனாமரத்தூர்
குரோதி, கார்த்திகை

அன்பு மருமகளுக்கு. நாங்கள் உளோம். நீயும் அங்கே உடல் தளராது இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் பாதி உண்மையைப் படித்தேன். மறுமொழி எழுத என்னிடம் தமிழ் இல்லை; எழுதினால் அதுவும் அத்தமிழே ஆகும்.

இராசேந்திரனுக்குத் திதி கொடுத்தோம். பிண்டம் வைத்துக் காகத்தை அழைத்தேன். நெடுநேரம் வரவில்லை. "மாசியில ஒரு வேல சொன்னான், அத்த நீங்க செய்யல, எப்பிடி வருவான்?" என்றாள் உன் அத்தை. அவள் வாழ்வது அந்த ஏவலைப் பற்றிக்கொண்டுதான். முதல் மாசியில், அவன் கை தலையணைமேல் தலைமுடியைத் தொட்டபடி கிடந்தது, ஆகவே 'இத்த' என்றது முடியை என்று சொல்லித் தன் தலையை மொட்டையடித்துக் கொடுத்தாள். இரண்டாம் மாசியில், அவன் தரிசு நிலத்தைத்தான் சொன்னான் என்று சாதித்து, உழுது சாமை விதைக்கச் செய்தாள். நெருப்பு வெயிலில் விதைத்தோம். பக்கத்து நிலத்துச் சடையன் வரப்பில் நின்று, "வாத்யாரே, மாசியில சாமை வெதைக்கிற ஆள இந்த மலையிலயே இப்பத்தான் பாக்கறேன். பொரிச்சே அறுத்துக்கலாம், அடுப்பு மிச்சம்" என்றான். அவனோடு நானும் சிரித்தேன். ஒரு முளையும் எழவில்லை. ஆயினும் அவள் முகத்தில் ஓர் அமைதி இருந்தது. மகன் சொன்னதைச் செய்ய முயன்ற தாயின் அமைதி.

இம்முறை மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும் என்கிறாள். பிள்ளையற்ற வல்லாள மன்னனுக்குப் பிள்ளையாய் நின்று, அண்ணாமலையான் அந்த ஆற்றில் ஆண்டுதோறும் நீர்க்கடன் செய்கிறான் அல்லவா? மகனில்லாத் தகப்பனுக்கு இறைவனே மகனாகி வந்தான். மகனை இழந்த தகப்பனுக்கு அவன் யாராகி வருவான் என்று எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. நீயும் வர இயலுமா? மூவரும் சேர்ந்து போனால் ஒருவேளை அவ்வேவல் என்ன என்பது துலங்கக்கூடும்.

அந்த அம்மாள் சொல்லும் சொல் என்ன? அதற்குரிய விடை என்ன? எழுது. நாவில் வராதது எழுத்தில் வரும்.

குணசீலன்

*

நாகானோ
12 டிசம்பர் 2024

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை. மாசிக்கு விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.

இது மீதிப் பாதி.

அந்தச் சொல் 'இத்தே கிமாஸ்'. இத்தே என்றால் போய். கிமாஸ் என்றால் வருகிறேன். அப்படியே நம் 'போய்ட்டு வர்றேன்'. அதற்கு விடை 'இத்தே ரஷ்ஷாய்', போய்ட்டு வாங்க.

வகுப்பு இருக்கும் நாட்களில் அவர் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவார். நீங்களும் அத்தையும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அடுப்படி வாசலில் நின்று அதைச் சொல்வார். முதல் நாள், "இன்னாது அது, கெட்ட வார்த்தையா?" என்று கேட்டேன். "இதுக்குப் பதில் சொல்லணும்டி. பதில் வராம கெளம்பக் கூடாதாம் அவங்க ஊர்ல" என்றார். அப்படி ஒரு சட்டம் இங்கே கிடையாது மாமா. அவராகச் சேர்த்துக்கொண்டது. பதிலைச் சொல்லிக் கொடுத்தார். என் வாயில் நுழையவில்லை. "இத்த ராசாயி" என்றேன். "எந்த ராசாயிய வூட்டுக்குக் கூப்புடற?" என்று சிரித்தார். அதுதான் நான் கற்ற முதல் ஜப்பானியச் சொல். அவருக்குப் பதில் சொல்வதற்காக மட்டுமே இந்த மொழியைத் தொடங்கினேன். வேறு காரணம் எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஒருநாள் விளையாட்டாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். பஸ் ஹார்ன் அடித்தது. அவர் நகரவில்லை. "பஸ் பூடும், போங்க" என்றேன். தலையை ஆட்டினார். கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. அன்று நீங்கள்கூட, "வகுப்புக்குப் போகலியா?" என்று அதட்டினீர்கள்.

நான் பதில் சொல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. அந்தச் சொல் அவருக்கென்றே வைத்திருந்தது. அதனால்தான் ஹருகோ அம்மாளுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க என்னால் முடியவில்லை. ஊரிலிருந்து கிளம்பியபோது உங்கள் இருவரிடமும் சொல்லிக்கொள்ளாததும் அதனால்தான். அத்தையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் ஏன் எனக் கேட்க வேண்டாம்.

ரேணுகா

*

ஜமுனாமரத்தூர்
குரோதி, தை

ரேணுகா,

உன் மடல் வந்து நெடுநாள் ஆயிற்று. எழுதத் தாமதம். கண்ணில் சிறு கோளாறு. பொங்கல் கழிந்தது. புளி உலுக்கத் தொடங்கிவிட்டார்கள். அத்தைக்கு வழக்கம்போல்.

இனிச் சப்பான் சொற்கள் அனுப்ப வேண்டாம். முதிய மூளைக்கு ஏறவில்லை.

மாசிக்கு நீ வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பயணம் நெடிது, விடுப்பை வீணாக்காதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மொழியார், அந்தச் சொல்லுக்கு எவரும் விடை கூறாவிடில், புறப்பட்டவருக்கு என்ன நேரும் என்று கருதுவர்? அவர் போனவராகக் கருதப்படுவாரா, போகாதவராகவா? நூல் எதிலேனும் உண்டா? வெறும் மொழி ஆராய்ச்சிக்காகவே கேட்கிறேன்.

குணசீலன்

*

நாகானோ
8 பிப்ரவரி 2025

மாமாவுக்கு வணக்கம். கண்ணுக்கு என்ன? போளூரில் காட்டினீர்களா? உங்கள் கடிதத்தின் தலையில் 'அருணாசலன் துணை' இல்லை. அதைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். அத்தை நன்றாக இருக்கிறார்களா? எதையாவது மறைக்கிறீர்களா?

நீங்கள் கேட்டதை இங்கே ஒரு பெரியவரிடம் விசாரித்தேன். நூல் எதுவும் இல்லையாம். "விடை வராவிட்டால் கொஞ்சம் தனிமையாக இருக்கும், அவ்வளவுதான்" என்றார். மொழி ஆராய்ச்சிக்கு இது போதுமா தெரியவில்லை.

மேலே எழுதியது மூன்று நாளுக்கு முன்பு. பிறகு பேனாவை எடுக்க முடியவில்லை.

இன்று காலை ஹருகோ அம்மாள் பல்செட்டை மாட்டாமல் வாசலுக்கு வந்துவிட்டார். பையை மாட்டிக்கொண்டு, வாய் குழற, "இத்தெ… மாசு" என்றார்.

இத்த, மாசி.

மாமா, உங்களுக்குத் தெரிந்துவிட்டது. டிசம்பரில் என் கடிதம் வந்த நாளிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் வர வேண்டாம் என்கிறீர்கள். அதனால்தான் சொற்கள் வேண்டாம் என்கிறீர்கள்.

அவர் மாசியில் எதையும் செய்யச் சொல்லவில்லை. போய்ட்டு வர்றேன் என்று சொன்னார். என்னிடம் சொன்னார். நான் அங்கே இல்லை.

சொன்ன பிறகு என்ன செய்தார்? முன்பு எழுதியதையே திரும்ப எழுதினாலும் சரி. முழுவதும் எழுதுங்கள்.

*

அருணாசலன் துணை

ஜமுனாமரத்தூர்
குரோதி, மாசி

என் மகளே,

மருமகள் என்ற உறவில் இதை எழுத இயலாது; ஆகவே இப்படி விளித்தேன்.

மறைத்தேன், உண்மை. உன் மடலைப் பேருந்து நிலையத்திலேயே பிரித்தேன். 'கிமாஸ்' என்ற சொல்லை வாய்விட்டுப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்த என் குரல் அவன் குரலாக இருந்தது. சடையன்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

கேட்டதற்கு விடை. சொன்ன பின் அவன் வாயிலைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். எமனைப் பார்க்கிறான் என்று எண்ணினேன் என எழுதியிருந்தேன் அல்லவா? அவன் உன்னைப் பார்த்தான். செவிலி ஒருத்தி உள்ளே நுழைந்தபோது கண் ஒருகணம் விரிந்தது. அவள் நீயில்லை என்று கண்டு சுருங்கியது. அதையும் அன்று கண்டேன். பொருள் விளங்கவில்லை. நான் அவன் செவியில் இறைவன் திருப்பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் அதனைக் கேட்க விரும்பவில்லை என்று சொல்லேன். ஆனால் அவன் காத்திருந்தது வேறொரு சொல்லுக்கு. அச்சொல் எனக்குத் தெரியாது. உன் அத்தைக்கும் தெரியாது. அந்த மருத்துவமனை முழுவதிலும் அதை அறிந்தவள் ஒருத்திதான். அவள் அவனுக்காகவே இளநீருக்குப் போயிருந்தாள். இதில் யார்மேல் குற்றம் சுமத்துவது? தேடிப் பார்த்தேன். எவரும் அகப்படவில்லை. குற்றவாளி இல்லாத துயரத்துக்குக் கரையும் இல்லை.

கடைசி நினைவு எதுவோ அதுவே அடுத்த பிறவி என்று நூல்கள் கூறும். இதுவரை, அவன் ஏதோ மாசிக் கடனை நினைத்துப் போனான் என்று வருந்தினேன். இப்போது, விடைக்குக் காத்து நின்ற நினைவோடு போனான் என்று அறிகிறேன். முந்தைய வருத்தத்தை எனக்குத் திருப்பித் தருவார் உண்டா?

உன் அத்தைக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மகன் இட்ட வேலை ஒன்று மீதம் இருக்கிறது என்பதால்தான் அவள் காலையில் எழுகிறாள். மகத்துக்கு வேட்டியும் எள்ளும் எடுத்து வைத்துவிட்டாள். அழைத்துப் போகிறேன்.

குணசீலன்

*

அருணாசலன் துணை

ஜமுனாமரத்தூர்
குரோதி, மாசி மகத்துக்கு மறுநாள்

மகளே,

உன் மடலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

நேற்று ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். அண்ணாமலையார் எழுந்தருளி, தீர்த்தவாரி ஆயிற்று. மன்னனுக்குரிய கடனை மகனாக நின்று ஆற்றினான் எம்பெருமான். நாங்கள் ஒதுங்கி நின்று எள்ளும் நீரும் இறைத்தோம்.

முடிந்ததும் உன் அத்தை கரையேறவில்லை. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, "இது இல்லீங்க. அவன் சொன்னது இது இல்ல. எம் மனசு சொல்லுது" என்றாள். ஈர மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது; அந்த முதல் மாசி தொட்டு அவள் முடி வளர்க்கவே இல்லை. "இன்னும் இன்னாத்தங்க செய்யணும் நானு? சொல்லுங்களேன், நீங்க படிச்சவருதான?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

சொல்லமாட்டேன் என்று உனக்கு எழுதியவன் சொன்னேன். முழுவதையும் அல்ல. "ஒரு சொல் இருக்கிறது. நீரைப் பார்த்து அதைச் சொல்" என்றேன். "மந்திரமா?" என்றாள். ஆம் என்றேன். இத்தே ரஷ்ஷாய் என்று சொல்லிக் கொடுத்தேன்.

"இத்த ராசாயி" என்றாள், நீ சொன்னதைப் போலவே. மீண்டும் மீண்டும் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கேட்டாள்: "இன்னா மந்திரங்க இது, வாய்ல நொழைய மாட்டேங்குது. அர்த்தம் இன்னா?"

"போய்ட்டு வா என்று அர்த்தம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தயா மூணு மாசியா தேடுனோம்? ஆசுபத்திரிக்கு வூட்டுலேர்ந்து தூக்கினு போனப்போ ஆம்புலன்ஸு கதவப் புடிச்சிக்கினு நான் அத்தத்தான சொன்னேன், போய்ட்டு வாடான்னு? வந்தானா?" என்றாள்.

கூட்டத்தில் எனக்கு முன்னே நடந்து போனாள். வீடு வந்ததும் எள் வைத்திருந்த துணியை மடித்துப் பரணில் போட்டாள். இன்று காலை எழவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. கண் திறந்திருக்கிறது. "இன்னா வேல கீது, எழுந்திருக்க?" என்கிறாள்.

வருவாயா? வந்தால் அவள் எழக்கூடும். வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. கேட்க மட்டும் கேட்கிறேன்.

குணசீலன்

*

நாகானோ
6 ஏப்ரல் 2025

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். இரண்டு கடிதங்களும் வந்தன. அத்தை எழுந்தார்களா? கஞ்சியாவது குடிக்கிறார்களா? நீங்கள் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

அன்று இளநீர்க் கடையில் கூட்டம் இல்லை. உடனே வெட்டிக் கொடுத்துவிட்டான். சில்லறை இல்லை என்றான். பக்கத்துக் கடையில் மாற்றிக்கொண்டு வரட்டும் என்று நின்றேன். மீதியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவ்வளவு நேரம்தான் மாமா. படியேறி வந்தபோது நீங்கள் பதிகம் சொல்லிக்கொண்டிருந்தது வராந்தாவிலேயே கேட்டது. கேட்டதும் ஓடினேன்.

பனி உருகிவிட்டது. ஹருகோ அம்மாள் இப்போதும் தினமும் வாசலுக்கு வருகிறார். போன வாரம் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அவர் சொன்னார். நான் பேசாமல் நின்றேன். அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அப்படி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததைக் கடிதத்தில் படித்துவிட்ட பிறகு என்னால் நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். இத்தே ரஷ்ஷாய்.

அவர் குனிந்து வணங்கினார். திரும்பி, தன் அறைக்குப் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது. அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. அன்று உங்கள் மகனுக்கும் போதுமாக இருந்திருக்கும். அதைத்தான் வேறு யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

எந்தப் பதிலுக்காக இந்த மொழியைக் கற்றேனோ அந்தப் பதிலைச் சொல்லியாயிற்று. இனி இதில் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. தமிழிலும் இல்லை. வேலை செய்கிறேன். குனிந்து நிமிர்கிறேன். சொன்னதைச் செய்கிறேன்.

வருவாயா என்று கேட்டீர்கள். அத்தையை எழுப்ப என்னிடம் என்ன சொல் இருக்கிறது மாமா? இருந்த ஒன்றையும் அத்தை ஆற்றில் நின்று சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அது கிளம்பியவர்களுக்கான வழக்கம். நான் இன்னும் கிளம்பவில்லை. அந்த வராந்தாவில்தான் இளநீரோடு நிற்கிறேன். அதனால்தான் எந்தக் கடிதத்தின் முடிவிலும் போய் வருகிறேன் என்று எழுதியதில்லை. இதிலும் எழுதவில்லை.